டிரைவருக்குத் தெரிந்ததை எங்களுக்கும் சொல்லுங்கள்

சென்னையில் எம்பெடட் போர்டுகளுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஓஎம்ஆரிலும் கிண்டியிலும் தரமணியிலும் உட்கார்ந்து நீங்கள் எழுதும் டிரைவர்களை, அதாவது ஹார்ட்வேரோடு பேசும் புரோகிராம்களை, நம்பித்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் ஒரு சின்னக் குழு நாங்கள். குளிர்பதன அறைகளைக் கண்காணிக்கும் பெட்டிகளுக்கு அப்ளிகேஷன் எழுதுகிறோம். பெட்டிக்குள் ஒரு ஏஆர்எம் போர்டு, ஒரு லித்தியம் பேட்டரி, அதற்கு ஒரு சார்ஜர் சிப், நாலைந்து சென்சார், ஒரு மோடம். கரண்ட் போனால் பேட்டரியில் ஓட வேண்டும். அறை சூடாக ஆரம்பித்தால் உரிமையாளரின் போனுக்குச் செய்தி போக வேண்டும். வேலை அவ்வளவுதான். அதற்கு வேண்டிய விவரம் எல்லாமே உங்கள் டிரைவரிடம் இருக்கிறது. அதை வெளியே வாங்குவதற்குள்தான் எங்கள் உயிர் போகிறது.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உங்கள் சாதனத்துக்கென்றே உள்ள விவரங்கள் இருக்கின்றன அல்லவா? என்ன பழுது, சிப்புக்குள் ஓடும் ஃபர்ம்வேர் எது, எவ்வளவு சூடு, சார்ஜ் ஏன் நின்றது என்பவை. அவற்றை அப்ளிகேஷன் கேட்டால் கிடைக்கிற மாதிரி, இடம் மாறாத ஒரு ஃபைலில், அதற்கு என்ன அர்த்தம் என்று எழுதியும் வைத்துக் கொடுங்கள். லினக்ஸின் மையமான கெர்னல் எழுதும் பதிவேட்டில், அதாவது லாகில், ஒரு வரி போட்டதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

லாக் வரியால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் கதையையே சொல்கிறேன். லித்தியம் பேட்டரியைச் சுமார் 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. அதனால் பேட்டரி சூடானதும் சார்ஜர் சிப் தானாகவே நிறுத்திக்கொள்ளும். மே மாதத்தில், தகரக் கூரைக்குக் கீழே மாட்டிய பெட்டிக்கு 45 டிகிரி பெரிய விஷயமே இல்லை. நாங்கள் வாங்கும் போர்டின் டிரைவர் இதைக் கண்டுபிடித்து கெர்னல் லாகைக் காட்டும் டி-மெசேஜில் ஒரு வரி எழுதும். வேறு எங்கேயும் சொல்லாது. அதனால் அந்த வரியைத் தேடிப் பிடிக்க ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருந்தோம். போன வருடம் கத்திரி வெயில் நேரத்தில் போர்டுக்காரர்கள் புது கெர்னல் அனுப்பினார்கள். யாரோ அந்த வரியின் வாசகத்தை அழகுபடுத்தியிருந்தார்கள், அவ்வளவுதான். ஸ்கிரிப்டுக்கு எதுவும் கிடைக்கவில்லை. கோயம்பேடு பக்கம் ஒரு பழக் குடோனில் பகல் முழுவதும் சார்ஜ் ஏறவில்லை. மாலையில் கரண்ட் போனதும் பெட்டி கொஞ்ச நேரத்திலேயே அணைந்துவிட்டது. எச்சரிக்கை செய்தி அனுப்ப வேண்டியதே அந்தப் பெட்டிதான்.

போர்டுக்காரர்களிடம் கேட்டதற்கு, 'லாக் வரி ஏபிஐ இல்லை சார், எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம்' என்றார்கள். ஏபிஐ என்பது புரோகிராம்கள் நம்பிப் பயன்படுத்தும் வாசல். அவர்கள் சொன்னது நியாயமான பதில்தான். லாக் மனிதர்கள் படிப்பதற்கு. ஆனால் அவர்களே வேறு வாசல் எதுவும் வைக்கவில்லையே! எரிச்சலான விஷயம் என்னவென்றால், வாசல் ஏற்கெனவே கட்டித் தயாராக இருக்கிறது. சிஸ் அடைவுக்குள் கிளாஸ், அதற்குள் பவர் சப்ளை என்று போனால் ஒவ்வொரு பேட்டரிக்கும் சார்ஜருக்கும் ஒரு கோப்பகம் இருக்கும். அங்கே 'ஹெல்த்' என்று ஒரு ஃபைல். 'குட்', 'ஓவர்ஹீட்', 'டெட்', 'கோல்ட்' என்று அதில் வரக்கூடிய வார்த்தைகளைக் கெர்னலே முன்கூட்டி முடிவுசெய்து வைத்திருக்கிறது. சிப்பின் நிலைக்கேற்ற வார்த்தையைத் தேர்ந்தெடுக்க டிரைவரில் ஒரு ஸ்விட்ச் கேஸ் எழுதினால் போதும். லாக் வரி எழுதிய அதே கை, அதே நேரத்தில் இதையும் எழுதியிருக்கலாம்.

ஆகவே முதல் வேண்டுகோள்: உங்கள் சாதனத்துக்குப் புதிதாக ஒன்றை உருவாக்கும் முன், அது ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். வெப்பம், மின்விசிறி வேகம் என்றால் கெர்னலில் ஹெச்டபிள்யூமான் என்ற பகுதி இருக்கிறது. ஏடிசி (அனலாக் அளவை எண்ணாக மாற்றும் சிப்), முடுக்கமானி என்றால் ஐஐஓ என்ற பகுதி. நெட்வொர்க் கார்டின் ஃபர்ம்வேர் பதிப்பு என்றால் டெவ்லிங்க் என்ற பகுதி. சாட்டா டிஸ்க்கின் வெப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரொம்ப நாள் அதைத் தெரிந்துகொள்ள ரூட் எனும் முழு நிர்வாக அனுமதியோடு ஒரு புரோகிராம் ஓடி, டிஸ்க்குக்கு நேரடியாக ஏடிஏ கட்டளை அனுப்ப வேண்டியிருந்தது. 2020ல் வந்த 5.6 கெர்னலில் 'டிரைவ்டெம்ப்' என்ற சின்ன மாட்யூல் சேர்ந்தது. இப்போது மற்ற எல்லா வெப்பமானிகளோடும் டிஸ்க்கும் ஒரு வெப்பமானியாக நிற்கிறது. யாரும் படிக்கலாம், ரூட் தேவையில்லை. ஈபி மீட்டரை வாசல் சுவரில் வைப்பது எதற்கு? கணக்கெடுக்க வருகிறவர் படுக்கையறைக்குள் வரக் கூடாது என்பதற்குத்தானே.

அப்புறம் அலகு. இதில்தான் எங்கள் தலைமுடி அதிகம் கொட்டியிருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரே பேட்டரி, ஒரே வெப்பம், 41.2 டிகிரி. பவர் சப்ளை கோப்பகத்தில் 'டெம்ப்' ஃபைலைத் திறந்தால் 412 என்று இருக்கும், ஏனென்றால் அங்கே டிகிரியில் பத்தில் ஒரு பங்குதான் கணக்கு. அதே மதிப்பு ஹெச்டபிள்யூமான் கோப்பகத்திலும் தெரியும். அங்கே 41200, மில்லி டிகிரி. தெர்மல் கோப்பகத்திலும் மில்லி டிகிரிதான். மின்னழுத்தத்துக்கும் இதே கூத்து: 12.6 வோல்ட் என்பது ஒரு இடத்தில் 12600, இன்னொரு இடத்தில் 12600000. வரலாற்றுக் காரணங்களால் இப்படி ஆகிவிட்டது, இனி மாற்ற முடியாது. பரவாயில்லை. எந்தக் கோப்பகத்தில் எந்த அலகு என்று கெர்னல் ஆவணத்தில் தெளிவாக இருக்கிறது, அதைப் பார்த்து எழுதிவிடுகிறோம்.

அந்த ஒப்பந்தத்தை டிரைவரே மீறினால்தான் நாங்கள் தொலைந்தோம். ஒரு போர்டின் டிரைவர் பவர் சப்ளையின் 'டெம்ப்' ஃபைலில் முழு டிகிரியில் 41 என்று கொடுத்தது. எழுதியவர் மனிதருக்குப் படிக்க வசதியாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். நாங்கள் பத்தால் வகுத்தோம். டாஷ்போர்டில் 4.1 டிகிரி! மே மாதச் சென்னையில், தகரக் கூரைக்கு அடியில். பார்த்தவர்கள் சிரித்தார்கள், சரி. ஆனால் எச்சரிக்கைக்கான எல்லை 45 என்று வைத்திருக்கும் புரோகிராமுக்குச் சிரிக்கத் தெரியாது. பேட்டரி பனியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு அமைதியாக இருந்துவிடும். தப்பான அலகில் கொடுப்பதற்குக் கொடுக்காமலே இருந்துவிடலாம். ஃபைல் இல்லையென்றால், இல்லை என்பதாவது எங்களுக்குத் தெரியும்.

ஐஐஓ வழி இதில் எனக்குப் பிடித்தது. ஏடிசி கொடுத்த மூல எண் அப்படியே ஒரு ஃபைலில், அதை எதால் பெருக்க வேண்டும் என்பது 'ஸ்கேல்' ஃபைலில், கூட்ட வேண்டியது ஏதாவது இருந்தால் 'ஆஃப்செட்' ஃபைலில். சிப்பை மாற்றினாலும் எங்கள் புரோகிராம் மாறுவதில்லை.

சரி, எந்தக் கிளாஸிலும் அடங்காத, உங்கள் சிப்புக்கு மட்டுமே உள்ள விவரம் இருக்குமே? நிச்சயம் இருக்கும். அதற்கும் சிஸ்எஃப்எஸ், அதாவது மேலே சொன்ன சிஸ் அடைவு, இடம் தருகிறது. 2003 டிசம்பரில் 2.6 கெர்னலோடு அது வந்தபோது, கெர்னல் தன் விவரங்களைக் காட்டிவந்த பழைய ப்ராக் கோப்பகம் கண்டதையும் போட்டு வைக்கும் பரண் ஆகியிருந்தது. அதைப் பார்த்து நொந்துபோய்த்தான் 'ஒரு ஃபைலுக்கு ஒரு மதிப்பு' என்ற விதியை வைத்தார்கள். அந்த விதியை மதியுங்கள். சிப் தன் நிலையை எழுதி வைக்கும் சிறு நினைவிடங்களான ரெஜிஸ்டர்கள் பதினாறையும் அட்டவணை கட்டி, கோடு போட்டு, நடுவில் நட்சத்திரக் குறியோடு ஒரே ஃபைலில் கொட்டும் டிரைவர்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கு அழகுதான். அடுத்த பதிப்பில் நடுவில் ஒரு பத்தி கூடும், அதைப் பிரித்துப் படிக்கும் எங்கள் பார்சர் படுத்துவிடும்.

இங்கே சார்ஜர் சிப்களின் ஒரு குணத்தைச் சொல்லியாக வேண்டும். பல சிப்களில் பழுது ரெஜிஸ்டர் படித்தவுடன் அழிந்துவிடும். சிலவற்றில் முதல் தடவை படித்தால் முன்பு நடந்த பழுது வரும், இரண்டாம் தடவை படித்தால்தான் இப்போதைய நிலை. இந்தத் தகவலை டிரைவர் வெளியே தராவிட்டால் அப்ளிகேஷன்காரர் சும்மா இருக்க மாட்டார். சிப்பைப் போர்டோடு இணைக்கும் ஐ2சி பஸ்ஸை நேரடியாகத் திறந்து ரெஜிஸ்டரைப் படிக்கப் பார்ப்பார். அந்தச் சிப்பின் முகவரியை டிரைவர் பிடித்து வைத்திருக்கிறது, அதனால் 'பிஸி' என்று கெர்னல் மறுக்கும். மறுத்தாலும் 'ஃபோர்ஸ்' என்று ஒரு வழி இருக்கிறது, அதைப் போட்டுவிடுவார். பிறகு என்ன? பழுது வந்தது, அப்ளிகேஷன் படித்தது, ரெஜிஸ்டர் அழிந்தது. ஒரு நொடி கழித்து டிரைவர் படிக்கும்போது எல்லாம் சுத்தம். பாதுகாப்புக்காக நீங்கள் டிரைவருக்குள் எழுதிய தர்க்கம் மொத்தமும் வீண். ஹார்ட்வேரைத் தொட ஒருவர்தான் இருக்க வேண்டும், அது நீங்கள்தான். கடைசியாக வந்த பழுதை டிரைவருக்குள் சேமித்து வைத்து, கேட்கிற பத்து பேருக்கும் அதே பதிலைச் சொல்லுங்கள். அதோடு பழுது மாறும்போது சிஸ்எஃப்எஸ் நோட்டிஃபை ஒன்றை அழைத்துவிட்டால், நாங்கள் 'போல்' (poll) என்ற அழைப்பைப் போட்டு, மாற்றம் வரும்வரை காத்திருப்போம். நொடிக்கு நொடி ஃபைலைத் திறந்து மூட வேண்டாம், பேட்டரியும் கொஞ்சம் மிஞ்சும்.

அப்ளிகேஷன் டிரைவரை நேரடியாகக் கேட்கும் ஐஓசிடிஎல் என்ற அழைப்பின் மேல் உங்களில் பலருக்கு ஒரு பாசம் உண்டு. ஒரே அழைப்பில், பல மதிப்புகளைக் கட்டிவைத்த ஒரு ஸ்ட்ரக்ட் முழுவதையும் தூக்கிக் கொடுத்துவிடலாம், வேகம், சுத்தம். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேமராவுக்கான வி4எல்2 இடைமுகத்தைப் பாருங்கள், முழுக்க ஐஓசிடிஎல்தான். ஆனால் அங்கே அப்ளிகேஷன் சாதனத்தையே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்: உன்னிடம் என்னென்ன கட்டுப்பாடு இருக்கிறது, அதன் பெயர் என்ன, குறைந்தது எவ்வளவு, அதிகம் எவ்வளவு, எந்தப் படியில் மாறும். முன்பின் பார்த்திராத கேமராவைச் செருகினாலும் பிரைட்னெஸ் ஸ்லைடர் திரையில் வந்துவிடுவது அதனால்தான்.

எங்களுக்குக் கிடைப்பது அப்படி இருப்பதில்லை. ஒரு ஹெடர் ஃபைல், அதில் ஒரு ஸ்ட்ரக்ட், அதற்குள் 'லாங்' வகையில் இரண்டு புலம். எங்கள் அப்ளிகேஷன் பழைய 32 பிட். புது போர்டின் கெர்னல் 64 பிட். எங்கள் பக்கம் லாங் 4 பைட், உங்கள் பக்கம் 8 பைட். ஐஓசிடிஎல் எண்ணுக்குள்ளேயே ஸ்ட்ரக்டின் அளவும் பொதிந்திருப்பதால் எண்ணே பொருந்தாமல் போய்விடும். 32 பிட் அழைப்பை 64 பிட்டுக்கு மாற்றும் கம்பாட் வழியை நீங்கள் எழுதவில்லை என்றால் 'இன்அப்ரோப்ரியேட் ஐஓசிடிஎல் ஃபார் டிவைஸ்', அதாவது 'இந்தச் சாதனத்துக்குப் பொருந்தாத அழைப்பு', என்று பதில் வரும். ஹார்ட்வேர் போய்விட்டதோ என்று ரிச்சி தெருவுக்கு ஓடி வேறு சிப் வாங்கி மாற்றிப் பார்த்த ஆட்களும் உண்டு. அளவு நிச்சயமான யு32, யு64 வகைகளையே போடுங்கள். எட்டு பைட் எல்லையில் வரிசைப்படுத்துங்கள். பின்னால் சேர்ப்பதற்குக் கொஞ்சம் இடம் விட்டு, அதில் பூஜ்யம் தவிர வேறு எது வந்தாலும் நிராகரியுங்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. அவசரத்தில் விட்டுப்போகிறது, அவ்வளவுதான்.

ஹெடருக்குப் பதில், உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்க முடியாதபடி கம்பைல் செய்த லைப்ரரி ஒன்றை மட்டும் தருபவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் மடல் கெட்ட வார்த்தையில் முடியும். விட்டுவிடுகிறேன்.

'டீபக்எஃப்எஸ்ஸில் எல்லாம் இருக்கிறதே' என்பது அடிக்கடி வரும் பதில். டீபக்எஃப்எஸ் என்பது பிழைதிருத்தத்துக்கான கோப்பகம்; அங்கே விதி எதுவும் கிடையாது, எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் உங்களுக்கு அது வசதி. ஆனால் அது வழக்கமாக ரூட்டுக்கு மட்டுமே திறக்கும், விற்பனைக்குப் போகும் கெர்னலில் பலர் அதை எடுத்தே விடுகிறார்கள். அதைவிட, பிழைதிருத்த மட்டும் என்று நீங்கள் நினைத்து வைத்ததும் ஒரு நாள் வாக்குறுதி ஆகிவிடும். 2011ல் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் கெர்னலின் பழைய பெரிய பூட்டை நீக்கிய பிறகு, கெர்னலுக்குள் நடப்பதைப் பதிவுசெய்யும் ட்ரேஸ் நிகழ்வுகளில் அதற்கென்று இருந்த ஒரு புலமும் தேவையில்லை என்று எடுத்தார்கள். மின்செலவைக் காட்டும் பவர்டாப் கருவி அடுத்த புலங்கள் எந்த பைட்டில் இருக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்ததால் உடைந்தது. யூசர்ஸ்பேசை, அதாவது கெர்னலுக்கு வெளியே ஓடும் புரோகிராம்களை, உடைக்கக் கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எவ்வளவு கறார் என்று தெரியுமே. அந்த இடத்தைத் திரும்ப நிரப்ப வேண்டியதாயிற்று. ஒருவர் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டால் அது ஏபிஐதான், எந்தக் கோப்பகத்தில் இருந்தால் என்ன?

இதையே திருப்பிப் போட்டு, 'அதனால்தான் எதையும் வெளியே காட்டுவதில்லை' என்று நீங்கள் சொல்லலாம். ஓரளவு ஒத்துக்கொள்கிறேன். எல்லா ரெஜிஸ்டரையும் கடை பரப்பச் சொல்லவில்லை. காட்டக் கூடாததும் உண்டு. இன்டெல் ப்ராசசர்களில் மின்சக்திக் கணக்கு சிஸ்எஃப்எஸ்ஸில் எல்லோரும் படிக்கும்படி பல காலம் இருந்தது. பார்த்தால் எந்தத் தீங்கும் தெரியாத ஓர் எண். 2020 நவம்பரில், ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட இடங்களின் ஆய்வாளர்கள் 'பிளாட்டிபஸ்' என்ற பெயரில் ஒரு தாக்குதலை வெளியிட்டார்கள். அந்த எண்ணின் ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்து ரகசியச் சாவிகளை ஊகிக்க முடியும் என்று காட்டினார்கள். அதற்குப் பிறகு லினக்ஸில் அந்த ஃபைல் ரூட்டுக்கு மட்டும் என்று ஆனது. ஆக, நுணுக்கமாகவும் வேகமாகவும் மாறும் அளவுகள், சீரியல் எண், கெர்னல் நினைவக முகவரி ஆகிய மூன்றையும் எழுதும்போது கை தயங்கட்டும். முகவரியை எங்கேயும் காட்டாதீர்கள். மற்ற இரண்டுக்கும் அனுமதியை 0400, அதாவது ரூட் மட்டும் படிக்கலாம், என்று வைத்தாலே போதும்; எங்கள் சர்வீசுக்கு வேண்டிய அனுமதியை நாங்கள் பார்த்துக்கொள்வோம். பேட்டரி சூடு, பழுதுக் காரணம், ஃபர்ம்வேர் பதிப்பு போன்றவை எல்லோரும் படிக்கும்படி 0444ல் இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொரு சின்ன விஷயம். ப்ரோப், அதாவது டிரைவர் சாதனத்தைக் கண்டு தயார்செய்வது, முடிந்த பிறகு ஃபைல்களை ஒவ்வொன்றாகச் சேர்க்காதீர்கள். சாதனம் வந்துவிட்டது என்ற யூஇவென்ட் அறிவிப்பு முதலில் கிளம்பி, அதைக் கேட்கும் யூடெவ் எங்கள் சர்வீசை எழுப்பி, அது போய்ப் பார்த்தால் ஃபைல் இருக்காது. எப்போதாவது ஒரு தடவைதான் இப்படி ஆகும், அதனாலேயே பிடிப்பது கஷ்டம். டிரைவர் ஸ்ட்ரக்டில் 'டெவ் குரூப்ஸ்' என்ற புலத்தில் பட்டியலைக் கொடுத்துவிட்டால் கெர்னல் சரியான வரிசையில் செய்துகொள்ளும்.

இதை இப்போது எழுதக் காரணமும் உண்டு. இதுவரை நம் ஊரில் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த சிப்புக்கு வெளியிலிருந்து வந்த டிரைவரை ஒட்டுப்போட்டு ஓட்டினோம். ஐஐடி மெட்ராஸின் சக்தி ப்ராசசர் போல ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பை வைத்த சிப்கள் இங்கேயே வடிவமைக்கப்படும் காலம் இது. அவற்றைச் சுற்றி வரும் சாதனங்களுக்கு முதல் டிரைவரை நீங்கள்தான் எழுதப்போகிறீர்கள். முதல் பதிப்பில் ஃபைலுக்கு என்ன பெயர், எந்த அலகு என்று போடுகிறீர்களோ, அதைத்தான் பத்து வருடம் கழித்து வேலைக்கு வரும் பிள்ளைகளும் தூக்கிச் சுமப்பார்கள்.

என்ன செய்யலாம்? பெரிதாக எதுவும் கேட்கவில்லை. கெர்னல் மூலத்தில் டாக்குமென்டேஷன் கோப்பகத்துக்குள் ஏபிஐ (ABI) என்று ஒன்று இருக்கிறது; மேலே சொன்ன ஏபிஐ (API) இல்லை, இது பைனரி இடைமுகம். அதில் ஸ்டேபிள், டெஸ்டிங், அப்சொலீட், ரிமூவ்ட் என்று நாலு அறை. ஸ்டேபிளில் இருப்பது குறைந்தது 2 வருடம் மாறாது என்பது உறுதிமொழி. உங்கள் டிரைவர் லினக்ஸின் பொது மூலமான மெயின்லைனுக்குப் போகாவிட்டாலும் அதே வடிவத்தில் ஒரு உரை ஃபைல் எழுதி போர்டோடு கொடுங்கள். எந்த ஃபைல், எந்தக் கெர்னல் பதிப்பிலிருந்து, யாரைக் கேட்க வேண்டும், என்ன அலகு, என்னென்ன மதிப்பு வரும். ஒரு விவரத்துக்கு ஐந்தாறு வரி. மாற்றப்போகிறீர்கள் என்றால் பழையதை அப்சொலீட் பக்கம் நகர்த்தி ஒரு பதிப்பு வரைக்குமாவது இரண்டையும் ஓட விடுங்கள்.

அந்த வடிவத்தின் கடைசியில் 'யூசர்ஸ்' என்று ஒரு வரி வரும். இந்த இடைமுகம் மாறினால் யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்பதற்காகவே வைத்த வரி அது. பெரும்பாலான ஆவணங்களில் காலியாகக் கிடக்கிறது. பேட்டரி, சார்ஜர், ஏடிசி எதை எழுதினாலும் அதில் எங்கள் குழுவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பேட்ச் தயாரானதும் அனுப்புங்கள். 32 பிட் அப்ளிகேஷனோடும் 64 பிட் அப்ளிகேஷனோடும் ஓட்டிப் பார்த்து, ஹீட் கன் வைத்துச் சூடேற்றி, 'ஹெல்த்' ஃபைலில் என்ன வந்தது என்று எழுதி அனுப்புகிறோம். அதற்குக் காசு வேண்டாம்.

இப்படிக்கு,
அம்பத்தூரிலிருந்து ஓர் அப்ளிகேஷன்காரன்